எல்லாக் கட்டமும் பச்சை

பொன்னுதுரை எடை போடாமல் எதையும் நம்ப மாட்டார். இதைக் குணம் என்று சொல்வதா, வியாதி என்று சொல்வதா என்பது அவர் மனைவி ஜெயபாய்க்கே இன்னும் பிடிபடவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கிரேன்காரனுக்குக் கண்ணளவு என்று ஒன்று கிடையாது. கிரேனின் கையை எவ்வளவு நீட்டினால் எவ்வளவு தூக்கலாம் என்று கேபினுக்குள் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். அதை மீறினால் ஆள் காலி. ஒரு தடவை, பழைய துணி என்று எழுதி வந்த பெட்டிக்குள் இரும்புச் சாமான் இருந்திருக்கிறது. இவர் அட்டவணையைச் சரியாகத்தான் பார்த்தார். ஆனாலும் கிரேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டது. உயிர் பிழைத்த அந்தக் கதையை அவர் சொல்லாத வீடு மில்லர்புரத்தில் கிடையாது. "நான் கணக்கத் தப்பாப் போடலலே. உள்ள இருந்தது வேற" என்று முடிப்பார். சொல்லிச் சொல்லியே அவருக்கு அது தேய்ந்துபோய்விட்டது போல. தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

மே மாதம் அவருடைய ஒரே மகள் பெனிஷா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். கல்யாணம் முறிந்து வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பெண் அவள். போதகர் வந்து ஜெபித்தார், அத்தைமார் வந்து அழுதார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளை எழுப்பி வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரு நாய்க்குட்டி. ஜெயபாயின் தம்பி தேவபிரசாதம் சாயர்புரத்தில் வாத்தியார். அவர் கோவில்பட்டிப் பக்கம் போய், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு சிப்பிப்பாறைக் குட்டிகளை வாங்கிவந்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை அக்கா மகளின் கட்டிலில் விட்டுவிட்டுப் போனார். சந்தன நிறம், ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து. கட்டிலில் மூத்திரம் போனதால் பெனிஷா எழுந்தே ஆகவேண்டியிருந்தது. அன்றைக்கு எழுந்தவள்தான். குட்டிக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தாள், குளித்தாள், தலை வாரினாள், வேலைக்கு மனுப் போட்டாள்.

புறப்படுகிற அன்று குட்டியை அப்பாவின் கையில் கொடுத்து, "கிறிஸ்மஸுக்கு வருவேன்ப்பா. வரும்போது இவன் கேட்டுக்கு ஓடி வரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"போம்மா. ஒங்கப்பன் தூக்குன எதுவும் கீழ விழுந்ததில்ல" என்றார் பொன்னுதுரை.

அந்த வாக்கை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் ஊரில் நாய் வளர்ப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். முந்தின நாள் சோறு, ரசம், பிரியாணி எலும்பு, ரொட்டிக்கடைப் பரோட்டா, டீயில் நனைத்த ரஸ்க்கு. அந்தக் கதியெல்லாம் மகளுடைய நாய்க்கு ஆகாது என்று முடிவு கட்டினார். கடையில் விற்கும் தீனியைக் கொடுத்துப் பார்த்தார். குட்டி சொறிந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர் சனிக்கிழமைதோறும் செல்போனில் நடத்தும் வகுப்பு கண்ணில் பட்டது: நாய்க்கு வீட்டிலேயே சமச்சீர் உணவு தயாரிக்கும் முறை. சேர்ந்துவிட்டார். கண்ணாடியை மூக்கில் மாட்டி, போனை வேதாகமத்தின் மேல் சாய்த்துவைத்து, பத்தாம் வகுப்புப் பையனைப் போல உட்கார்ந்தார்.

அந்த வகுப்பு அவருக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. எல்லாம் எடை. வெறும் கறியைப் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து குட்டியின் எலும்பு ரப்பராகிவிடும். அதற்கென்று சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் அதுவும் எலும்பைக் கெடுக்கும். சுண்ணாம்புக்கும் பாஸ்பரசுக்கும் ஒரு விகிதம் உண்டு, துத்தநாகம் வேண்டும், அயோடின் வேண்டும், மீன் போட்டால் வேகவைத்துத்தான் போடவேண்டும். ஒவ்வொரு பொருளையும் கிராம் கணக்கில் போனில் ஏற்றினால், சத்துக்கு ஒரு கட்டமாக வரிசையாக வரும். குறைந்தால் மஞ்சள், கூடினால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை. பொன்னுதுரைக்குத் தன் பழைய கேபினுக்குள் திரும்பவும் ஏறி உட்கார்ந்த சந்தோஷம்.

ஜெயபாய் கேக் செய்வதற்கு வைத்திருந்த சின்னத் தராசு அன்றோடு நாய்க்குப் போயிற்று. கேக்குக்கு உடைத்த முட்டையின் ஓடுகளைக் கழுவி, அடுப்பில் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்தார். கோழிக்கறி, கேழ்வரகு, பூசணிக்காய், வேகவைத்த சாளை மீன், கொஞ்சம் எள், முட்டை ஓட்டு மாவு. எல்லாவற்றோடும் கடைசியில் ஈரல். மொத்தத் தீனியில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரல். ஆட்டு ஈரலைப் போட்டுக் கணக்கை ஏற்றியபோது எல்லாக் கட்டமும் பச்சையாயிற்று.

"ஏளா ஜெயா, இங்கன வந்து பாரு. ஒரு சிவப்பு இருக்கா?"

"எனக்கு என்னைக்காவது இப்பிடி நிறுத்துப் போட்டியளா?" என்றாள் அவள்.

கடைசி வகுப்பில் பெங்களூர் மருத்துவர் எல்லாருக்கும் முன்னால் இவர் பெயரைச் சொல்லி, இதுதான் முன்மாதிரி என்று காட்டினார். கூட ஒரு புத்தியும் சொன்னார்: ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருளைப் போட்டால், உங்களுக்கு எவ்வளவு சின்ன மாற்றமாகத் தெரிந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பொன்னுதுரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். புகழ்ந்த வார்த்தை உள்ளே இறங்கிய வேகத்துக்கு அந்தப் புத்தி இறங்கவில்லை.

ஆட்டு ஈரல்தான் முதலில் பாடாய்ப் படுத்தியது. கறிக்கடையில் ஈரலுக்கு ஆள் போட்டி. ரத்தச் சோகைக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சி வீட்டார் எல்லாரும் முதல் நாளே சொல்லிவைத்துவிடுவார்கள். நாய்க்கு என்று கேட்டால் கடைக்காரர் முறைத்தார். ஜூன் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன பிறகு, ஒரு நாள் சாளை வாங்கத் திரேஸ்புரத்துக்குப் போனார். அங்கே கஸ்பார் இருந்தான். முன்பு துறைமுகத்தில் இவருக்குக் கீழே கிரேன் கொக்கியில் கயிறு மாட்டியவன். இப்போது படகில் பங்கு வைத்து மீன் ஏலம் எடுப்பவன்.

"ஆட்டு ஈரலுக்கா அண்ணாச்சி இந்த அலைச்சல்? இந்தா கெடக்கு திருக்கை ஈரல். எவ்வளவு வேணும் ஒங்களுக்கு?"

"நாய்க்கு ஆகுமாலே?"

"நல்லாக் கேட்டிய. எங்க வீட்டுல புள்ள பெத்தவளுக்கே குடுப்போம், பால் ஊறும்னு. ஒங்க பயலுக்கு ஆகாதா?"

கஸ்பாரின் வீட்டில் பிள்ளை பெற்றவள் என்றைக்கோ ஒரு நாள் ஒரு துண்டு தின்பாள். கேப்டன் தினமும் தின்னப்போகிறது. இந்த வித்தியாசத்தைக் கஸ்பார் யோசிக்கவில்லை; யோசிக்கவேண்டியது அவன் வேலையும் இல்லை. பெரியவர் மேல் உள்ள பிரியத்தில் பை நிறைய அள்ளிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து பொன்னுதுரை முறைப்படியே எல்லாம் செய்தார். போனில் ஈரல் என்று தேடினார். ஆடு வந்தது, கோழி வந்தது, மாடு வந்தது. திருக்கை வரவில்லை. கொஞ்சநேரம் யோசித்தார். ஈரல் என்றால் ஈரல்தானே என்று பழைய ஆட்டு ஈரல் வரியை அப்படியே விட்டுவிட்டார். கட்டங்களெல்லாம் பச்சையாகவே நின்றன. நிற்காமல் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்தது ஆட்டு ஈரல்.

பெங்களூருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். முன்மாதிரி என்று பெயர் வாங்கியவர் ஈரலுக்கெல்லாம் போய் சந்தேகம் கேட்பதா என்று தோன்றியது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

சட்டி ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. ஆட்டு ஈரல் சூட்டில் இறுகும், கருக்கும். இது வெளிறிய நிறத்தில் வழவழவென்று இருந்தது. சட்டியில் போட்டதும் இறுகாமல் உருகியது. துண்டு சின்னதாகி, சுற்றிலும் மஞ்சள் எண்ணெய் நின்றது. அடுப்பங்கரை முழுக்க ஒரு வாடை. ஜெயபாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஈரலா இது? எண்ணெயாப் போகுதே" என்றாள். "சத்து அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, அந்த எண்ணெயையும் வீணாக்காமல் தீனியில் ஊற்றிப் பிசைந்தார் பொன்னுதுரை. கேப்டன் தட்டை நக்கி வெளுக்கவைத்துவிட்டு, இவர் விரல் ஒவ்வொன்றையும் நக்கியது.

ஆகஸ்டு மாதம் கேப்டனைப் பார்த்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். உடம்பில் எண்ணெய் பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு. கடற்கரைச் சாலையில் விட்டால் உப்புக் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும். பெனிஷா போனில் பார்த்துவிட்டு, "அப்பா, என்னய விட நல்லா வளக்கிய" என்றாள். அன்றைக்குப் பொன்னுதுரைக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். சாயர்புரத்திலிருந்து தேவபிரசாதம் வந்து, தன் குட்டி இதோடு பிறந்தது என்றே சொல்ல முடியாத அளவுக்கு மெலிந்திருப்பதாக வருத்தப்பட்டார். பொன்னுதுரை முறை முழுவதையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்ததோடு விடவில்லை. வாரா வாரம் கஸ்பாரிடம் இரண்டு பங்கு வாங்கி, ஒரு பங்கைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு சாயர்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

முதலில் வந்தது பொடுகு. முதுகைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளையாக உதிர்ந்தது. வெயில் என்று நினைத்தார். அப்புறம் ஒரு நாள் பட்டை மாட்டுவதற்காகக் கழுத்தைப் பிடித்தபோது கேப்டன் முனகியது. கை வழுக்கி அழுத்திவிட்டேன் போல என்று நினைத்தார். அக்டோபரில் அது தட்டின் முன்னால் நின்று தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது, குனியவில்லை. பொன்னுதுரை தட்டைத் தூக்கி ஒரு முக்காலியின் மேல் வைத்தார். உடனே தின்றது.

"ராஜா வீட்டுப் பிள்ள. குனிஞ்சு திங்க மாட்டாராம்" என்று சிரித்தார். ஜெயபாயும் சிரித்தாள். போனில் படம் எடுத்துப் பெனிஷாவுக்கு அனுப்பினார்கள். அவளும் சிரித்து அனுப்பினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கழுத்து பூட்டிக்கொண்டு வருவதை.

நவம்பரில் மழை பிடித்தது. தெருவெல்லாம் தண்ணீர். கேப்டன் மாடிப்படி ஏறுவதை நிறுத்தியது. காலையில் எழும்போது முன்கால்கள் விறைத்து, சாக்கு விரிப்பில் இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகே நின்றது. மழைக்காலத்தில் மனுஷனுக்கே மூட்டுப் பிடிக்கிறது என்றார் பொன்னுதுரை. ஆனால் தீனி குறைந்ததை அவரால் தாங்க முடியவில்லை. கோழியை ஒதுக்கியது, கேழ்வரகை ஒதுக்கியது. திருக்கை ஈரலின் வாடை இருந்தால் மட்டும் வாய் வைத்தது. ஆகவே கொஞ்சம் கூட்டினார். வாய் வைத்தது. மறுவாரம் அதற்கும் மசியவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். உருகிய எண்ணெயை விரலில் தொட்டு அதன் நாக்கில் தடவினார். அது நக்கிவிட்டு, வலிக்கிற கழுத்தோடு அவர் முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கும். எடை போடாமல் எதையும் தூக்காத மனிதர் அந்த மாதம்தான் தராசை எடுக்காமல் ஊற்றினார்.

மருத்துவரிடம் போகாமல் இல்லை. டாக்டர் சரண்யாதேவி நல்ல பெண், பொறுமையாகப் பார்ப்பவர். ஆனால் பொன்னுதுரை அவரைப் பேசவிட்டால்தானே. போனை நீட்டி, கட்டங்களைக் காட்டி, சுண்ணாம்பு பாஸ்பரஸ் விகிதத்திலிருந்து துத்தநாகம் வரை ஒரு பிரசங்கமே வைத்தார். ஆட்டு ஈரல் என்றிருந்த வரியை டாக்டரும் படித்தார், படித்ததை நம்பினார். "சாப்பாட்டுல கொறை சொல்ல முடியாது சார்" என்று வலிக்கு மாத்திரை எழுதி, ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் எக்ஸ்ரேக்குக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். மாத்திரையில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது. கேப்டன் வாசல்வரை நடந்தது. பொன்னுதுரை திரும்பப் போகவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு. கோவிலில் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது பெனிஷா வீடியோவில் வந்தாள். கேப்டன் முற்றத்தில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தது. ஜெயபாய் போனை அதன் பக்கம் திருப்பிப் பிடிக்க, மஸ்கட்டிலிருந்து அவள், "ஏலே கேப்டன்!" என்று கூப்பிட்டாள்.

நாயின் காது நிமிர்ந்தது. வால் ஆடியது. ஆனால் தலை திரும்பவில்லை. முதலில் பின்கால் ஒன்று நகர்ந்தது, பிறகு முன்கால், மறுபடி பின்கால். மேசையை நகர்த்துவதுபோல முழு உடம்பையும் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு வந்து, நேருக்கு நேராக நின்ற பிறகுதான் அது போனைப் பார்த்தது. இந்த ஒரு மாதமாகத் தினமும் இப்படித்தான் அது திரும்புகிறது. கூடவே இருந்தவர்களின் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது.

பெனிஷா சிரிக்கவில்லை. "அப்பா, அவன் ஏன் கழுத்தத் திருப்ப மாட்டேங்கான்?"

"மழைம்மா. குளிருக்குப் பிடிச்சிருக்கு."

"குளிருக்கு இப்பிடி ஆவாதுப்பா. நாளைக்கே எக்ஸ்ரே எடுங்க. எனக்குப் பயமாருக்கு."

மறுநாள் டாக்டர் சரண்யாதேவி எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, கழுத்தெலும்புகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். கழுத்தெலும்புகளுக்கு இடையே இருக்கவேண்டிய இடைவெளி சில இடங்களில் இல்லை. புது எலும்பு பாலம் போல வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. முன்கால் எலும்புகளின் வளரும் முனை, வளரவேண்டிய வயதில் மூடியிருந்தது.

"சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஈரல் எவ்வளவு குடுக்கீங்க?"

"அஞ்சு சதவீதம்தான் டாக்டர். இப்பதான் சாப்பிட மாட்டேங்கானேன்னு கொஞ்சம் கூட்டுனேன்."

"ஆட்டு ஈரல்தானே?"

பொன்னுதுரைக்கு அந்தக் கேள்வியில் ஒரு பெருமை கூட வந்தது, பாவம். "இல்ல டாக்டர். அதவிட ஒசத்தி. திருக்கை ஈரல். திரேஸ்புரத்துல நமக்குத் தெரிஞ்ச பய வாரா வாரம் புதுசா எடுத்து வைப்பான்."

டாக்டர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "எப்ப இருந்து?"

"ஜூன்ல இருந்து."

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். எந்த ஈரலிலும் வைட்டமின் ஏ உண்டு. அது உடம்புக்கு வேண்டியதுதான். ஆனால் சுறா, திருக்கை மாதிரி மீன்களின் ஈரலில் இருப்பது ஆட்டு ஈரலின் அளவு இல்லை. அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். மிச்சமானது சிறுநீரில் போய்விடாது, உடம்புக்குள்ளேயே சேர்ந்துகொண்டு வரும். சேர்ந்து சேர்ந்து, வளர்கிற குட்டியின் எலும்பைப் பிடிக்கும். பசி குறைவது, தோல் உதிர்வது, கழுத்து வலி, விறைப்பு எல்லாமே அதன் வேலை.

"அப்போ... அவன் சாப்பிடாம இருந்தது?"

"ஈரல் கூடிப்போனதாலதான் சார் பசி போச்சு."

பொன்னுதுரை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடவில்லை என்று கூட்டினார், கூட்டியதால் சாப்பிடவில்லை. அப்போதுதான் அவருக்கு அந்தப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பழைய துணி என்று எழுதியிருந்த பெட்டி. அன்றைக்குப் பெட்டிக்கு வெளியே தப்பாக எழுதியவன் யாரோ ஒருவன். இந்தத் தடவை எழுதியது இவரே.

"இன்னைக்கே நிறுத்திட்டா சரியாயிருமா டாக்டர்?"

"வலி குறையும். பசி வரும். ஒட்டிக்கிட்ட எலும்பு பிரியாது சார். முன்னங்காலும் இனிமே வளராது. அவன் ஓட மாட்டான்."

வீட்டுக்கு வந்து நாயைச் சாக்கில் படுக்கவைத்துவிட்டு, பிரிட்ஜிலிருந்த பையை எடுத்தார். கஸ்பார் நேற்றுக் கொடுத்தது. கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். ஜெயபாய் வந்து எட்டிப் பார்த்து, "பெனிஷாகிட்ட என்ன சொல்லப் போறிய?" என்றாள். அவர் திடீரென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். சாயர்புரம் ஞாபகம் அப்போதுதான் வந்தது.

தேவபிரசாதம் போனை எடுத்ததும் இவரைப் பேசவிடவில்லை. "அத்தான், நானே கூப்பிடணும்னு இருந்தேன். நம்ம பய இப்ப தட்ட ஸ்டூல்ல வச்சாத்தான் சாப்பிடுதான்! ஒங்க கேப்டன் மாதிரியே. ஒரே ரத்தம்லா, அந்தக் கெத்து எங்க போவும்?"

பொன்னுதுரை குறுக்கிட்டார். "பிரசாதம்... அந்த ஈரலக் குடுக்காத. கீழ கொட்டு. இப்பவே கொட்டு."

"என்ன அத்தான் சொல்லுதிய? நேத்து மத்தியானம்தான் பெட்டி வந்துச்சு. அள்ளித் திங்கான்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது போனுக்குள் எங்கேயோ ஒரு நாய் தட்டை நக்குகிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் தட்டு தரையில் விழுந்து உருளும் சத்தம்.

கஸ்பாரிடமும் போய்ச் சொன்னார். அவன் நம்பவில்லை, நம்பியதும் தலையில் அடித்துக்கொண்டான். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. எலும்பில் ஏதோ கோளாறாம், மருந்து கொடுத்திருக்கிறார்கள், நேரில் வந்து பார் என்று ஜெயபாயைப் பேசவைத்தார். தைரியம் இல்லை, வேறு என்ன? கிரேன் கேபினில் முப்பது வருடம் உயரத்தில் உட்கார்ந்த ஆளுக்குப் பெற்ற பெண்ணின் முகத்தைப் போனில் பார்க்கப் பயம். பாதி ராத்திரியில் எழுந்து போய்ச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அது மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது. அப்படியும் விரலிடுக்கில் அந்த வாடை இருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கார் வந்து நின்றது. வாசலில் ஜெயபாய் கட்டிய காகித நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. கேப்டன் உள்வாசல் பக்கம் பார்த்து நின்றிருந்தது. பெனிஷா கேட்டுக்கு வெளியிலேயே பெட்டியை விட்டுவிட்டு, "ஏலே கேப்டன்" என்றாள்.

அது கேட்டது. வாலை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு காலாக நகர்த்தி, முழு உடம்பையும் திருப்பியது. அது திரும்பி முடிக்கும்வரை அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தாள். அது ஓடி வரவில்லை. அவள்தான் ஓடிவந்து முழங்காலிட்டு, கழுத்தைத் தொடாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன நோய்ப்பா இது?"

"நோய் இல்லம்மா" என்றார் பொன்னுதுரை. "நான்தான். நான் குடுத்த சாப்பாடு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்டு முடித்துவிட்டு எழுந்து உள்ளே போய், டாக்டர் எழுதிக்கொடுத்தபடி ஜெயபாய் சமைத்து வைத்திருந்த தீனியை எடுத்துவந்தாள். முக்காலியைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றாள். பிறகு தட்டை அதன் மேல் வைக்காமல், தன் கையிலேயே ஒரு உருண்டை எடுத்து, கேப்டனின் வாய்க்கு நேராக உயர்த்திப் பிடித்தாள்.

கேப்டன் முகர்ந்தது. வாய் திறக்கவில்லை. அவளுடைய கையை மரியாதைக்கு ஒரு தடவை நக்கிவிட்டு, பின்காலை நகர்த்தியது, முன்காலை நகர்த்தியது, மெல்ல மெல்லத் திரும்பி, இத்தனை நாளும் தனக்கு ஊட்டிய மனிதரைப் பார்த்து நடந்தது. அவர் முன்னால் வந்து நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, மூக்கை நீட்டி அவர் விரல்களைத் தேடியது.

பொன்னுதுரை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.